அமுக்கம் குறையும்போது

கேள்வியைக் கேட்டது தரம் பத்தில் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளை. வழக்கமாக வாய் திறக்காதவள். வளிமண்டலம் எங்கள் தலைக்கு மேல் எவ்வளவு பாரமாக நிற்கிறது, அந்தப் பாரம் ஏன் எங்களுக்குத் தெரிவதில்லை என்று நான் கரும்பலகையில் படம் கீறிக்கொண்டிருந்தபோது எழும்பினாள்.

"ரீச்சர், விண்வெளியில உடுப்பில்லாமல் வெளியில வந்தால் மனுசன் வெடிச்சுப் போவானோ?"

'உடுப்பில்லாமல்' என்றதும் வகுப்பு சிரித்தது. அவள் சட்டென்று இருந்துவிட்டாள். எனக்கும் விடை சரியாகத் தெரியாது. "பார்த்துவந்து நாளைக்குச் சொல்லுறன்" என்றேன்.

நான் புங்குடுதீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். வீடு மடத்துவெளியில். வீட்டுக்குள் போனுக்கு சிக்னல் கிடைப்பது குறைவு, வாசல் படலையடிக்கு வந்தால் ஓரளவு கிடைக்கும். அன்று பின்னேரம் முழுக்கப் படலையடியில் நின்று வாசித்தேன். கால் உளைந்தது. கதிரையை எடுத்துவந்து போட்டும் இருக்க மனம் வரவில்லை.

வெடிக்காது என்பதுதான் விடை. தோல் நாங்கள் நினைப்பதைவிட உறுதியானது, உள்ளே இருப்பதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் வெளியில் அமுக்கமே இல்லையென்றால் உடம்பின் சூட்டிலேயே நீர் கொதிக்கத் தொடங்கிவிடும். நாக்கின் ஈரம், கண்ணின் ஈரம், தசைக்குள் இருக்கிற நீர் எல்லாம் ஆவியாகும். உடம்பு வீங்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் நுரையீரல் கிழியும், ஆகவே பிடிக்கக் கூடாது, விட்டுவிட வேண்டும். பத்துப் பதினைந்து செக்கனில் நினைவு போய்விடும். உடனே உறைந்துபோவார்கள் என்பதும் சரியில்லை. சூட்டை வாங்கிக்கொண்டு போக அங்கே காற்றில்லை. கெதியாக, நேரம் போகவிடாமல், உள்ளே இழுத்துத் திரும்ப அமுக்கத்தைக் கொடுத்தால் பிழைக்கவும் கூடும்.

பிழைக்கவும் கூடும் என்ற அந்த வரியை எத்தனை முறை வாசித்தேன் என்று தெரியாது. அது மனதைப் போட்டு அரிக்கத் தொடங்கியது.

தம்பி கடலால் வந்தபோது நான் குசினியில் ஊசி போடுகிற சிரிஞ்சு ஒன்றோடு நின்றேன். அவன் எங்கள் வீட்டில் கடைசி. எனக்கும் அவனுக்கும் வயது வித்தியாசம் கனக்க. அம்மா லண்டனில் அண்ணையோடு இருக்கிறா. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எங்கள் பரம்பரையில் கடலில் இறங்கினவர் எவரும் இல்லை. தோட்டம், பனை, அதற்குப் பிறகு தெற்கில் கடை. தம்பியையும் முதலில் ஒரு சொந்தக்காரரின் கடைக்குத்தான் அனுப்பினோம். காசுமேசையில் இருந்து இருந்து விசர் பிடிக்குது என்று திரும்பி வந்துவிட்டான். மிளகாய்த் தோட்டம் செய்தான், விட்டான். பிறகு நெடுந்தீவுக்காரர் ஒருவரோடு சேர்ந்து சிலிண்டர் கட்டி, கடலடியில் கிடக்கிற கடலட்டை பொறுக்க இறங்கப் பழகினான். தண்ணிக்குக் கீழே மட்டும்தான் அவன் உடம்பு ஆறுதலாக இருக்கும் போலிருந்தது. மற்ற நேரமெல்லாம் கால் ஆடிக்கொண்டே இருக்கும், சோற்றைக்கூட நின்றபடிதான் சாப்பிடுவான்.

"உதென்ன, ஆருக்கு ஊசி?" என்றான்.

"இஞ்ச வா. நாளைக்குப் பிள்ளையளுக்குக் காட்டப்போறன். நீ முதல்ல பார்."

சுடுதண்ணியைச் சிரிஞ்சில் கொஞ்சம் இழுத்தேன். கொதி அடங்கி, கை வைத்தால் சுடுகிற அளவில் இருந்த தண்ணி. நுனியை விரலால் அடைத்துக்கொண்டு பின்பக்கத்தைப் பலமாக இழுத்தேன். அடங்கிக் கிடந்த தண்ணி உள்ளே குமிழி விட்டுக் கொதித்தது. கையை விட்டதும் அடங்கியது.

தம்பி அதை என் கையிலிருந்து பறித்துத் தானும் இழுத்துப் பார்த்தான்.

"நெருப்பில்லாமல் கொதிக்குது."

"அமுக்கம் குறைஞ்சால் அப்பிடித்தான். விண்வெளியில மனுசன்ர உடம்புக்கு நடக்கிறதும் இதுதான்."

"எங்களுக்கும் நடக்கிறதெல்லோ" என்றான். "கீழ இருந்து கெதியா வந்தால் இரத்தத்தில குமிழி ஏறுமாம். சோடாப் போத்தல் திறந்த மாதிரி."

"நீ மெல்ல, ஆறுதலாத்தானே மேல வாறனி?"

"ஓம், ஓம்" என்றபடி சிரிஞ்சை மேசையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனான். அந்த இரண்டு 'ஓம்' எனக்குப் பிடிக்கவில்லை. அவன் குளித்து முடியும்வரை முற்றத்தில் நடந்துகொண்டிருந்தேன்.

அடுத்த கிழமை, இடைவேளை முடிந்து மணி அடித்த கையோடு போன் வந்தது. தம்பியின் கூட்டாளி, அந்த நெடுந்தீவுக்காரர். அவருடைய குரலில் காற்றும் இயந்திரச் சத்தமும் கலந்து கேட்டது.

"ரீச்சர், தம்பிக்குக் கொஞ்சம் சுகமில்லை. குறிகட்டுவானுக்கு வாறம். நீங்களும் ஒருக்கா வாங்கோ."

"என்ன நடந்தது?"

"கெதியா மேல வந்திட்டார்."

அதிபரிடம் சொன்னேனா, சொல்லாமலே வந்தேனா என்று இன்றைக்கும் தெரியாது. ஸ்கூட்டியில் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய்ச் சேர்ந்தபோது படகு இன்னும் வரவில்லை. அம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். நயினாதீவுக் கோயிலுக்குப் போகிற சனம் வெள்ளை உடுத்துப் பூத்தட்டுகளோடு வரிசையில் நின்றது. நான் துறையின் ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கலுக்கு நடந்தேன். ஒரு அம்மா, "பிள்ளை, இதில கொஞ்சம் இரு, தலை சுத்தப்போகுது" என்றா. இருந்தேன். உடனே எழும்பினேன். வாசித்தவையெல்லாம் தலைக்குள் திரும்பத் திரும்ப ஓடின. குமிழி எங்கே போய் அடைத்திருக்கும்? மூட்டிலென்றால் நோவோடு போகும். முதுகெலும்புக்குள்ளே என்றால்? இதெல்லாம் தெரியாமல் இருந்திருந்தால் நல்லது என்று அன்றுதான் முதன்முதலில் நினைத்தேன்.

படகு வந்தது. தம்பி பலகையில் மல்லாக்கக் கிடந்தான். முகத்தில் ஒரு துவாய். தோளிலும் வயிற்றிலும் தோல் நீலமும் சிவப்புமாகப் பூப்பூவாய்ப் படர்ந்திருந்தது.

"அக்கா, கால் ரெண்டும் என்ர இல்லை" என்றான். பயந்த குரல் அல்ல அது. எரிச்சல்பட்ட குரல், செருப்பைக் காணவில்லை என்று சொல்வது போல.

நடந்ததைக் கூட்டாளி சொன்னார். அன்று நிறைய அட்டை இருந்திருக்கிறது. தம்பி விடாமல் சிலிண்டர் மாற்றி மாற்றி இறங்கியிருக்கிறான். கடைசி இறக்கத்தில் கீழே சிலிண்டரில் காற்று தீரத் தொடங்கி, மூச்சு இழுப்பது திடீரென்று இறுகியிருக்கிறது. இரண்டு இழுவை இழுத்துப் பார்த்துவிட்டு நேரே மேலே வந்துவிட்டான். படகில் ஏறிச் சிரித்துக் கதைத்திருக்கிறான். பிறகு முழங்கை நோகுது என்றானாம். அதன்பிறகு இடுப்புக்குப் பின்னால் நாரியில் எறும்பு ஊருகிற மாதிரி, அதன்பிறகு கால் விறைப்பு.

"ரீச்சர்," கூட்டாளி குரலைத் தாழ்த்தினார், "நான் சொல்லுறதைக் கேளுங்கோ. புதுச் சிலிண்டர் கிடக்கு. நான் பிடிச்சுக்கொண்டு இவரைத் திரும்பக் கீழ கொண்டுபோறன். கொஞ்ச நேரம் வைச்சிருந்து ஆறுதலா மேல கொண்டுவந்தால் சரியாப்போகும். எனக்கும் ஒருக்கா இப்பிடித்தான் சரிவந்தது."

அவர் சொன்னதில் பிழை இல்லை என்பதுதான் என்னைக் குழப்பியது. திரும்ப அமுக்கத்தைக் கொடுத்தால் குமிழி சுருங்கும். ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் கால் அசையாத மனுசன் தண்ணிக்குக் கீழே மயங்கினால்? வாயிலிருந்து குழாய் கழன்றால்? மேலும் மேலும் நைதரசன் கலந்த அதே காற்றைத்தானே உள்ளே இழுக்கப்போகிறான்?

"இறக்குங்கோ அக்கா" என்றான் தம்பி. "கீழ போனால் எனக்குச் சுகமா இருக்கும். எனக்குத் தெரியும்."

"இல்லை."

"என்ர உடம்பு. நான்தானே சொல்லுறன்."

"எழும்பி நில். நிண்டால் விடுறன்."

அவன் என்னைப் பார்த்தான். முழங்கையை ஊன்றி எழும்பப் பார்த்தான், இடுப்புக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டான். கூட்டாளி சிலிண்டரைப் படகின் மூலைக்குத் தள்ளிவைத்தார்.

அம்புலன்ஸில் ஒட்சிசன் போட்டார்கள். தலையணை வைக்காமல் நேராகக் கிடத்தி, தண்ணி குடிக்கக் கொடுத்தோம். கடலுக்கு நடுவே போகிற அந்த றோட்டு குண்டும் குழியும். ஒவ்வொரு குலுக்கத்துக்கும் அவனுடைய கால்கள் யாரோ வைத்துவிட்டுப் போன பொருட்கள் போல இரண்டு பக்கமும் ஆடின. என்னால் பார்க்க ஏலாமல் இருந்தது, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. "கெதியாப் போங்கோ" என்று ஓட்டுநரிடம் கேட்டேன். குழி ஒன்றில் விழுந்ததும் "ஆறுதலாப் போங்கோ" என்றேன். அந்த மனுசன் இரண்டுக்கும் "சரி" என்றார்.

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டொக்டர் அவனுடைய பாதத்தில் ஊசியால் குத்திக் குத்தி, "தெரியுதோ, தெரியுதோ" என்று கேட்டுக்கொண்டு மேலே வந்தா. தொப்புளுக்குக் கிட்ட வந்தபிறகுதான் "ஓம்" என்றான். சிறுநீரும் போகவில்லை, குழாய் வைத்தார்கள். அமுக்க அறை இருப்பது திருகோணமலையில், அங்கே அனுப்ப வேண்டும் என்று டொக்டர் சொன்னா.

விசயம் கேள்விப்பட்டு ஓடிவந்த சொந்தக்காரர் ஒருவர், தனக்கு ஆளைத் தெரியும், ஹெலிகொப்டர் ஒன்றுக்கு ஒழுங்கு செய்யலாம் என்றார். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. டொக்டர் தலையை ஆட்டினா.

"வேண்டாம். மேல போகப்போக வெளி அமுக்கம் குறையும். இவற்ற உடம்புக்குள்ள இருக்கிற குமிழி இன்னும் பெருக்கும். றோட்டால போறதுதான் நல்லது."

தெரிந்த விசயம்தான். மேலே எழும்புகிற ஒவ்வொரு அடியும் அந்த வெற்றிடத்தை நோக்கித்தான் போகிறது என்பது எனக்குத் தெரியாததா? நான் வாசித்தபோது விண்வெளி எங்கேயோ இருந்தது. இப்போது அது ஒரு ஹெலிகொப்டர் உயரத்தில் தொடங்குகிறது.

அம்புலன்ஸில் திருகோணமலைக்குப் போகிற வழியில் அம்மாவின் போன் வந்தது, வீடியோவில். நான் கமராவை நிறுத்திவிட்டு எடுத்தேன்.

"எங்க நிக்கிறாய்? இரைச்சலாக் கிடக்கு."

"பஸ்ஸில, அம்மா."

"இந்த நேரத்தில பஸ்ஸில எங்க? சின்னவன் சாப்பிட்டானோ?"

தம்பி ஒட்சிசன் முகமூடியோடு கிடந்தபடி கையை ஆட்டினான், சொல்லாதே என்று. "சாப்பிட்டவன்" என்றேன். மறுநாள் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு அதைச் சொல்ல என் வாயில் ஈரம் இல்லை.

திருகோணமலையில் அந்த அமுக்க அறையைப் பார்த்தபோது எனக்கு முதலில் நினைவு வந்தது தண்ணி ஏற்றிப்போகிற பவுசர். வெள்ளை நிறம் பூசிய பெரிய இரும்பு உருளை, பக்கத்தில் சின்ன வட்டக் கண்ணாடி. தம்பியின் கையிலிருந்த கோயில் நூலைக் கழற்றினார்கள், தலையில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்துத் துடைத்தார்கள். உள்ளே ஒட்சிசன் கொடுப்பதால் ஒரு பொறிகூட ஆபத்தாம். பருத்தி உடுப்பு மாற்றி, துணைக்கு ஒரு தாதியும் உள்ளே போய்க் கதவை அடைத்தார்கள். காற்று உள்ளே போகிற சத்தம் பெரிதாகக் கேட்டது.

அங்கிருந்த டொக்டர் வயதானவர், பொறுமைசாலி. நான் நடந்துகொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டு, "இருங்கோ, இது மணித்தியாலக்கணக்கான வேலை" என்றார். நான் இருக்கவில்லை. அவர் எழும்பி வந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் என்னோடு நின்றார்.

"நீங்கள் என்ன வேலை?"

"விஞ்ஞானம் படிப்பிக்கிறன்."

"அப்ப சொல்லுறன், விளங்கும். இப்ப இவரைத் திரும்ப ஆழத்துக்குக் கொண்டுபோறம். தண்ணியில்லாத ஆழம். குமிழி சுருங்கும். ஒட்சிசனைச் சுவாசிக்கச் சுவாசிக்க நைதரசன் வெளியில போகும். பிறகு கொஞ்சம் கொஞ்சமா மேல கொண்டுவருவம். விண்வெளியில நடக்கிற ஆக்களும் கப்பலை விட்டு வெளியில வர முந்தி இதைத்தான் செய்யினம். கனநேரம் ஒட்சிசனைச் சுவாசிச்சு நைதரசனைக் கழுவி விடுவினம். ஏனெண்டால் அவையின்ர உடுப்புக்குள்ள அமுக்கம் குறைவு. சும்மா வெளியில வந்தால் உங்கட தம்பிக்கு வந்தது அவைக்கும் வரும்."

"அவையளுக்குமோ?"

"ஓம். உடம்பு ஒண்டுதானே. கடலுக்கு வேற, வானத்துக்கு வேற எண்டு உடம்பு இல்லை."

ஒலிபெருக்கியில் தம்பியின் குரல் வந்தது. அமுக்கத்தில் காற்று தடித்துப்போனதால் மூக்கால் கதைக்கிற தாரா மாதிரி இருந்தது. "அக்கா, சரியா வேர்க்குது" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதேன், நிறுத்த முடியவில்லை. டொக்டர் தள்ளிப்போய் மீற்றரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியில் பொழுது சாயத் தொடங்கியபோது அதே தாராக்குரல் திரும்ப வந்தது. "அக்கா, வலது பெருவிரலைப் பாருங்கோ." கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு பார்த்தேன். பெட்சீற்றுக்கு வெளியே அந்தப் பெருவிரல் ஆடியது. அவனுடைய வழக்கமான ஆட்டம், சோறு தின்னும்போது ஆடுகிற அந்த ஆட்டம்.

அதற்குப் பிறகும் பல தடவை அந்த உருளைக்குள் போய் வந்தான். வலது கால் முழுக்க வந்தது. இடது கால் வந்தது, ஆனால் பாதம் மட்டும் தூக்க ஏலாமல் நிலத்தில் தேய்ந்தது. அதற்கு மேல் வராது என்று டொக்டர் மறைக்காமல் சொன்னார். கடலுக்குக் கீழே இனி இறங்கக் கூடாது என்பதையும் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. ஓடித் திரிந்த ஆளை ஒரு கதிரையில் இருத்தினால் எப்படி இருக்கும்? ஊன்றுகோலோடு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். தேய்கிற பாதம் மணலில் கோடு போட்டது. பின்னேரம் நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது முற்றம் முழுக்கக் கோடு. என்னோடு சண்டை, டிவியோடு சண்டை, லண்டனிலிருந்து எடுக்கிற அண்ணையோடு சண்டை. நானும் அவனைவிட மேல் இல்லை. வகுப்பில் பிள்ளைகள் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேன், கதவு அடிபட்டால் நெஞ்சு இடிக்கும்.

அப்படியான ஒரு நாளில் அவன் கேட்டான்: "அக்கா, விண்வெளியில அப்பிடி மாட்டுப்பட்டுத் தப்பின ஆள் ஒருத்தரும் இல்லையோ?"

நான் வாசித்த ஒன்றைச் சொன்னேன். பூமியிலேயே, காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த ஒரு சோதனை அறைக்குள், உடையைப் பரிசோதிக்கப் போன ஒருவருக்குக் குழாய் கழன்றுவிட்டது. நினைவு தப்புவதற்கு முன் கடைசியாக அவருக்குத் தெரிந்தது நாக்கில் எச்சில் கொதித்ததுதான். உடனே காற்றை விட்டார்கள், பிழைத்துவிட்டார்.

தம்பி ஊன்றுகோலைக் கீழே வைத்தான். பிறகு, "நாக்கில கொதிச்சதெண்டு அவருக்குத் தெரிஞ்சிருக்கு" என்றான். "எனக்கும் தெரிஞ்சது அக்கா. தோலுக்குக் கீழ ஆரோ கதைக்கிற மாதிரி. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொன்னால் விசரெண்டுவியள்."

"சொல்லு, நான் கேக்கிறன்."

சொன்னான். மேலே வரும்போதே நுரை உடைகிற சத்தம் மாதிரி, காதால் அல்ல, எலும்பால் கேட்டது என்றான். மேலே வெளிச்சம் தெரிந்தும் அங்கே போகப் பிடிக்காமல் இருந்தது என்றான். விபத்துக்குப் பிறகு அவன் அவ்வளவு நேரம் ஓரிடத்தில் இருந்தது அன்றுதான்.

இருந்தும் அடங்கவில்லை. ஒரு காலை, சும்மா படகில் போய் வாறன் என்று கூட்டாளியோடு வெளிக்கிட்டான். நடந்ததைக் கூட்டாளிதான் பிறகு சொன்னார். நடுக்கடலில் இவன் முகமூடியை எடுத்து மாட்டியிருக்கிறான், சிலிண்டரைத் தா என்று கேட்டிருக்கிறான். அவர் மறுத்திருக்கிறார்.

"அண்ணை, ஒருக்கா. ஆழம் போகமாட்டன்."

"நீர் இறங்கினால் நான் இனி இறங்கமாட்டன். பிழைப்பை விட்டிட்டுப் போறன்."

"அண்டைக்கு நீங்கள்தானே திரும்ப இறக்கிறன் எண்டு நிண்டனீங்கள்?"

"ஓம். அண்டையில இருந்து எனக்கு நித்திரை இல்லை" என்றாராம் அவர். படகைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். அன்று அட்டை இல்லை, உழைப்பில்லை. படலையடியில் நின்று, "ரீச்சர், ஆள் வந்திட்டார்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனார். தம்பி இரண்டு நாள் முற்றத்தில் கோடு போட்டுக்கொண்டே திரிந்தான்.

பிறகு கடலட்டைப் பண்ணை ஒன்றில் வேலை எடுத்தான். கரையோரத்தில், இடுப்பளவு தண்ணியில் வலையால் அடைத்துக் குஞ்சு விட்டு வளர்க்கிறார்கள். காவலும் பராமரிப்பும் அவன் பொறுப்பு. முதல் நாள் நான் பின்னாலேயே போனேன். என்னை அவன் திட்டினான், நான் திரும்பிப் போகவில்லை.

தண்ணிக்குள் இறங்கி நடந்தான். தரையில் தேய்கிற அந்தப் பாதம் தண்ணியில் தேயவில்லை. கடல் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டது. வலைக் கம்பங்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துக்கொண்டு தூரத்துக்குப் போனான். தண்ணி இடுப்பு வரை, கொஞ்சம் தாண்டி நெஞ்சு வரை. கரையில் இருந்த நான் எழும்பினேன்.

"அக்கா, இருங்கோ. இதுக்கு மேல ஆழம் இல்லை" என்று அங்கிருந்து கத்தினான்.

இருந்தேன். தண்ணிக்குள் இறங்கவென்று செருப்பைக் கழற்றவில்லை. அவன் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து தண்ணிக்குள் கையை விட்டு, அட்டை ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப விட்டான். பிறகு அடுத்த கம்பத்துக்குப் போனான்.